எழுத்தர் காத்திருக்கிறார்

ராசல் கைமா, தொழிலாளர் வழக்கு அலுவலகம்,
இரண்டாம் மாடி, காலை ஒன்பது இருபது.
ஏசி அளவுக்கு மீறிக் குளிர்கிறது.
முத்திருளாண்டி வலது கையைப்
பேண்ட் பைக்குள் வைத்திருக்கிறார்,
அங்கே யாரோ கொடுத்து வைத்த பணம் இருப்பது போல.

கல்லுடைக்கும் ஆலையின் பெல்ட்
பிப்ரவரியில் இரண்டு விரலை வாங்கிக்கொண்டது.
கம்பெனி வக்கீலிடம் தடித்த கோப்பு.
எங்களிடம் ஓர் எக்ஸ்ரே.

அதிகாரி நல்லவர். முதலில் நலம் விசாரித்தார்:
கை இப்போது எப்படி இருக்கிறது?
நான் தமிழில் கேட்டேன்.
'பரவாயில்ல சார்.'

எழுத்தரின் பத்து விரலும்
விசைப்பலகைமேல் நின்றன.
அரபியில் ஒரு சொல் வேண்டும் அவருக்கு.

என் பையில் அகராதி இருக்கிறது,
முதுகு கிழிந்து டேப் ஒட்டியது.
திறக்காமலே தெரியும்:
பாதகமில்லை; கவலைப்பட ஒன்றுமில்லை.
அதை அப்படியே சொல்லிவிட்டால்
கம்பெனி வக்கீல் எழுந்து எனக்குக் கை கொடுப்பார்.

காலை மிதித்தவனிடம் சொல்கிறோம்.
பஸ்ஸில் எழுந்து இடம் தருகிறவரிடம்
முட்டி வலிக்க வலிக்கச் சொல்கிறோம்.
பெண் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா சொன்னால்
மண்டபம் பிடிக்க ஆள் போகும்.
கடன் கிடைக்காமல் படியிறங்கும்போது
இல்லையென்றவர் மனம் நோகக் கூடாதென்று
நாமே அவருக்குச் சொல்லிவிட்டு வருகிறோம்.
எங்கள் அறையில் எட்டாவது கட்டில்காரன்
இரவு பதினொன்றரைக்குப் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்:
'பரவாயில்ல, நீ அழாத.'
அதற்குள்
அவன் அப்பாவின் சாவும்
டிக்கெட் விலையும் இருந்தன.

'பரவா' நம்முடையதே இல்லை. பாரசீகம்.
இந்தச் சன்னலில் தெரிகிறதே தண்ணீர்,
அதன் அக்கரைச் சொல்.
அங்கே அதற்குக் கவலை என்று பொருள்.
எங்கெங்கோ சுற்றி நம்மிடம் வந்தபோது
பின்னால் ஓர் 'இல்லை'யைக் கட்டிவிட்டோம்.
கவலையை மூடிவைக்க
அதைவிட நல்ல துணி அகப்படவில்லை போல.

சத்தியம் செய்திருக்கிறேன்:
கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்.
அகராதியைச் சொன்னால் குறைத்தவன்.
வேறு எதைச் சொன்னாலும் கூட்டியவன்.
எழுத்தர் என்னைப் பார்க்கிறார்.
ஏசி மட்டும் பேசுகிறது.

'ஐயா,' என்றேன்,
'அவர் சொன்னது பதில் இல்லை. மரியாதை.'

வக்கீல் ஆட்சேபித்தார். உரக்க.
அதிகாரி பேனாவை மூடினார்.
'என் தாய்மாமன் ஐசியுவில்
மூக்கில் குழாயோடு கிடந்தார்.
எப்படி இருக்கிறீர்கள் என்றேன்.
அல்ஹம்துலில்லாஹ் என்றார்.
அதை வைத்து, நோயில்லை என்று
டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.'
எழுத்தர் பக்கம் திரும்பி,
'வாதி கையைக் காட்டட்டும். கண்டதை எழுது.'

பைக்குள்ளிருந்து கை வெளியே வர
ரொம்ப நேரம் பிடித்தது.

இருபத்துமூன்றாம் தேதிக்கு ஒத்திவைப்பு.

வெளியே வெயில். மலையாளி கடையில் ரெண்டு கரக்.
காகிதக் கப்பை இடது கையால் வாங்கியவர்
பழக்கத்தில் வலதுக்கு மாற்றினார்.
பாதி டீ என் வெள்ளைச் சட்டையில்.
நாளைக்கும் ஒரு விசாரணை இருக்கிறது,
தேய்த்து வைத்தது இது ஒன்றுதான்.
'ஐயோ அண்ணே...'
சொன்னேன்.
என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.
எந்தப் பொருளில் என்று கேட்காதீர்கள்,
நெஞ்சு இன்னும் சுடுகிறது.