இவ்விடம் யாவரும் சௌக்கியம்

தொப்பூர் ஏற்றத்தில், இரண்டாவது வளைவு தாண்டி
மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்புறம் சிவப்பு.
அப்புறம் வண்டிக்கு முட்டி செத்துவிட்டது.
முதுகில் இருபத்தைந்து டன் சங்ககிரி சிமெண்ட்.
மிதிக்கிறேன், மிதிக்கிறேன்,
இருபதைத் தாண்டி முள் நகரவில்லை.
பின்னால் ஒரு மைலுக்கு ஹாரன்.
முகூர்த்தத்துக்குப் போகிற வேன் ஒன்றும் அதில்.
மாப்பிள்ளையே இறங்கிவந்து திட்டினான்.

யூரியாத் தொட்டி நிறைந்துதான் இருந்தது.
நிறைந்திருக்கிறது என்பதை
நம்ப மறுத்தது சுண்டுவிரல் நீள சென்சார்.
மாற்றுவதற்கு ஓசூர் ஷோரூமில் சொன்ன தொகை
என் மாதத் தவணையைவிட நாலாயிரம் அதிகம்.
ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். காபி கொடுத்தார்கள்.

"நாப்பது லட்ச ரூபாய் வண்டி
ஒரு கேன் மூத்திர உப்புக்கு மலையில உக்காருது.
இதுக்குப் பேரு முன்னேற்றமாடா?"
என்றான் திம்மராயன்.
டீக்கடையே சிரித்தது. நானும்.
மாதையன் மட்டும் கேட்டான்:
"கழட்டிட்டா, அந்தப் புகை யாரு மூக்குக்குப் போகும்?"
"மொதல்ல உன் மூக்குக்கு."
அதற்கும் சிரித்தோம்.
"முன்னூறு ரூபாய்க்கு
வண்டியக் கண்ணாலயே பாக்காம புகைச் சான்று தர்றான்.
நீ ஒருத்தன் யோக்கியனா இருந்து
தருமபுரி வானத்தத் துடைக்கப்போறியா?"
மாதையன் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.
அவனிடம் பதில் இல்லை. என்னிடமும்.

காவேரிப்பட்டணம் பைபாஸில் நயாஸ்
லேப்டாப்பை பேட்டரிப் பெட்டிமேல் விரித்தான்.
டப்பாவை அறுத்து, உள்ளிருந்த
கரி பிடித்த தேன்கூட்டை நெம்பி எடுத்து
வெறும் டப்பாவைத் திரும்பப் பற்றவைத்தான்.
ஆர்.டி.ஓ. குனிந்து பார்த்தாலும் டப்பா டப்பாதான்.
தீப்பெட்டி அளவில் ஒன்றை ஒயரோடு சேர்த்துக் கட்டினான்.
"இது என்ன பண்ணும்?"
"லெட்டர் போடும்ணே.
வண்டியோட மூளைக்கு, நொடிக்கு நூறு லெட்டர்:
இவ்விடம் யாவரும் சௌக்கியம்."

பொய் சொல்லமாட்டேன்: வண்டி பறக்கிறது.
தொப்பூரில் கியர் இறக்க வேண்டியதில்லை.
லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் கூடுதல்.
யூரியாக் காசு மிச்சம். ரெண்டு தவணை
தேதி தவறாமல் போயிற்று.

வண்டி எடுத்த அன்று, எலுமிச்சை நசுக்கியதும்
சைலன்ஸர் வாயை வெள்ளைத் துண்டால் துடைத்து
கெம்பம்மாவிடம் நீட்டினேன்.
துண்டு வெள்ளையாகவே வந்தது.
"இதுல சோறு வெச்சுத் தின்னலாம்" என்றேன்.
"மொதல்ல தவணையக் கட்டு" என்றாள்.
அந்தத் துண்டு இன்னும் கேபினில் இருக்கிறது.
முகம் துடைக்க மட்டும்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஆறாவது பூத்.
என் ஃபாஸ்டாக் பாதி நாள் படிக்காது.
கருவியோடு எட்டிக் கை நீட்டுவாள் அந்தப் பெண்;
சட்டையில் ரூபகலா என்று எழுதியிருக்கும்.
பழைய லாரி வந்தால் கண்ணாடியை இழுத்துக்கொள்வாள்.
எனக்கு இழுத்ததில்லை.
போன வாரம் இழுத்தாள்.
கோபமெல்லாம் இல்லை, என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
ஈ ஓட்டுகிற மாதிரி, பழக்கத்தில்.
உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு
கேட் ஏறுகிறவரைக்கும் நின்றாள்.
எனக்கும் எதற்கோ மூச்சை அடக்கத் தோன்றியது.

அறுத்தெடுத்த தேன்கூடு சாக்கில் கட்டி
பெர்த்துக்குக் கீழே கிடக்கிறது.
அதில் பிளாட்டினம் இருக்கிறதாம்;
ஓசூர் காயலான் கடைக்காரர் பதினெட்டாயிரம் தருகிறார்.
அடுத்த ட்ரிப் என்றேன்.
அதற்கடுத்த ட்ரிப்பும் அதையே சொன்னேன்.
திரும்ப மாட்ட முடியுமா என்று நயாஸைக் கேட்டேன்.
ரின்ச்சைக் கீழே வைத்து என்னைப் பார்த்தான்:
"யாராச்சும் பிடிச்சாங்களா?"
இல்லை என்றேன்.
"அப்புறம் என்னண்ணே?"

நேற்றிரவும் தொப்பூர்.
பக்கக் கண்ணாடியில், என் பின்னால் வந்த கார்
ஜன்னல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டது.
வளைவுக்கு ஒரு தரம்
சாக்கு நகர்ந்து பலகையில் இடித்தது.
டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை.