நிகர எடை

பீடோங்குக்கு வெளியே, ஆலையின் எடைமேடை அறையில்
இரவு பதினொன்றே காலுக்கு
இரண்டு லோரிகளுக்கு நடுவே
ஆறு நிமிடம் கிடைக்கும்.
மூன்று கேள்வி போடலாம்.
நான்காவதற்குள் யாராவது ஹாரன் அடித்துவிடுவார்கள்.

மேசையில் டெலிவரி நோட்டுக் கட்டு,
அதன் அடியில் அச்செடுத்த பத்திகள்.
இன்றைக்கு ஆழ்கடல் புழு.
அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லையாம்.
எழுதியவரின் தொனி எது என்கிறார்கள்:
எச்சரிக்கை கலந்த நம்பிக்கையா,
பட்டும் படாத நடுநிலையா.
நானோ இன்னும் அந்த வயிற்றிலேயே நிற்கிறேன்.
கோப்பி ஆறிவிட்டது.

இருபத்து மூன்று கேள்வி, நாற்பத்தைந்து நிமிடம்.
கட்டிய பணம் என் சம்பளத்தில் பாதிக்கு மேல்.
வீட்டில் சொன்னது வேறு தொகை.

ஆங்கிலம் எனக்குத் தெரியும்.
இதைப் படிக்க உட்கார்ந்த பிறகுதான்
தெரியாதது எதுவென்று தெரிந்தது.
சொன்னதெல்லாம் புரிகிறது.
சொல்லாமல் விட்டதைத்தான் கேட்கிறார்கள்.
"கீழே உள்ளவற்றுள் எதை இந்த வாதம்
வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருக்கிறது?"
ஐந்து விடை.
ஐந்தும் பெண் பார்க்க வந்தவன்போல
தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சன்னாசி அண்ணனின் லோரி மேடை ஏறுகிறது.
பதினான்காயிரத்து முந்நூற்று எண்பது.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்ப ஏறுகிறது.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
"கழிச்சுப் போடும்மா, பசியாறணும்."
எட்டாயிரத்து நானூற்று அறுபது கிலோ பழத்தை
நான் கண்ணால் பார்க்கவே இல்லை.
நிறைந்து வந்ததில் வெறுமையாய்ப் போனதைக் கழித்தேன்,
அவ்வளவுதான்.

அட.

முடிவிலிருந்து சொன்னதைக் கழித்தால்
மிஞ்சுவதுதானே
அது ஒளித்து வைத்திருக்கும் நம்பிக்கை.
மூன்று மாதமாகக் காணொளியில் ஒருவன்
அம்புக்குறி போட்டுப் போட்டுக் கத்தியது
டீசல் புகையில் புரிந்தது.

அடுத்ததைத் திமிரோடு எடுத்தேன்.

"ஒரு தோட்ட நிறுவனம் நாள்கூலியை நிறுத்தி
எடைக்குக் கூலி தரத் தொடங்கியது.
அறுவடை கூடியது.
ஆகவே, தொழிலாளர்கள் புதிய முறையை விரும்புகிறார்கள்.
எது இதைப் பலவீனப்படுத்தும்?"

இதற்கு நான் படிக்கவே வேண்டாம்.
ஐந்தாம் கட்டை பக்கிரி
உதிரிப்பழம் பொறுக்க மனைவியையும் கூட்டிப் போகிறார்,
சீட்டில் ஒரு பேர், காட்டில் நாலு கை.
வங்காளதேசத்து ஷஃபிக்குல்
காய்ச்சலோடு வெட்டுகிறான்,
மத்தியானம் மரத்தடியிலேயே வாந்தி எடுத்து
மறுபடி எழுந்து வெட்டுகிறான்.
"தொழிலாளர்கள் களைத்துப் போகிறார்கள்",
ஐந்தாவது விடை.
யோசிக்காமல் தொட்டேன்.

தவறு.

சரியானது இரண்டாவது:
அதே ஆண்டில் இளமரங்கள் காய்ப்புக்கு வந்தன.
அதாவது மரம் விரும்பியிருக்கிறது.
கீழே விளக்கம்:
களைப்பு வேறு, விருப்பமின்மை வேறு.
பத்திக்கு வெளியே அறிந்ததை
உள்ளே கொண்டுவராதீர்கள்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி
ஜெராய் மலையின் சிவப்பு விளக்கைக்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விளக்கம் சரிதான். அதுதான் எரிச்சல்.

திரும்பினால் கண்ணாடியில்
சாயங்காலம் ஒட்டிய சுற்றறிக்கை,
மிஸ்டர் லியூவின் கையெழுத்தோடு:
"வரும் ஜூலை முதல் எடைமேடை தானியங்கி ஆகிறது.
பதிவில் பிழைகள் குறையும்.
ஆகவே, ஊழியர் அனைவரும் பயனடைவர்."

போகும்போதும் வரும்போதும் பார்த்த தாள்தான்.
இப்போதுதான் வாசிக்கிறேன்.

பென்சிலை எடுத்து
'ஆகவே'யைச் சுற்றி ஒரு வட்டம்.
'அனைவரும்' கீழே ஒரு கோடு.
இந்தப் பத்திக்கு உள்ளேதான்
நான் உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

ஹாரன்.
இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.