மடியில் கனம்

இம்பியில், மூன்றாம் மாடியில், மின்தூக்கிக்குப் பின்னால்
கியோங் கடையில் அதை முதலில் தூக்கிப் பார்த்தேன்.
தூக்கினேன் என்பதைவிட
அது என்னைக் கொஞ்சம் கீழே இழுத்தது.

பதினெட்டு அங்குலத் திரை. அடிவயிற்றில் பாஸ் ஸ்பீக்கர்.
படத்தட்டை விழுங்க ஒரு வாய்.
புதிதாக இருந்தபோது ஒன்பதாயிரம் வெள்ளியாம்,
உள்ளே ஒரு தியேட்டரே இருக்கிறதாம்.
எனக்கு ஆயிரத்து நானூறு.
அடாப்டரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்,
செங்கல்லைத் திருடிக்கொண்டு போகிறவனைப் போல
வெளியே வந்தேன்.

மடிக்கணினி என்று பெயர்.
என் மடி அதற்குப் போதவில்லை.
தொடை இரண்டும் வெந்து
மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசைக்குக் குடியேறியது.
யோகமலர் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போனாள்.

எனக்கு முன்னால் யாரோ இதில் ஓயாமல் சுட்டிருக்கிறார்கள்:
இடப்பக்கம் நான்கு விசைகளில் எழுத்தே இல்லை.
அவருக்கும் முன்னால் ஒருவர்
காமிராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டி
அதன்மேல் பேனாவால் ஒரு கண் வரைந்திருக்கிறார்,
இமையோடு.
பயந்தவரா, விளையாட்டுக்காரரா தெரியவில்லை.
நான் அதை உரிக்கவில்லை.

சனிக்கிழமைக் கல்யாணங்களைச்
செவ்வாய்க்குள் வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு.
இரவில் ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால்
செந்தூல் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்திலிருந்து
ஒரு விமானம் கிளம்பப் பார்த்து,
கிளம்பப் பார்த்து,
விடியும்வரை கிளம்பாது.
கீழ்வீட்டு சுல்கிஃப்லி ஒருமுறை மேலே வந்து
மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறும்போது
பையின் வார் அறுந்தது.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
எனக்குத் தோளில் இருந்தது கனம்,
பயத்தில் குறைவில்லை.
படிக்கட்டிலேயே உட்கார்ந்து
இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.
காவலாளி குனிந்து,
உள்ளே குழந்தையா என்றான்.
மடிக்கு வந்தது அன்று ஒருநாள்தான்.

இதையெல்லாம் யாரிடமாவது சொன்னால்
ஏன் விற்கவில்லை என்பார்கள்.
விற்கத்தான் இருந்தேன்.
அந்த வாரம் பவித்ராணி வந்தாள்,
ஜூன் மாதத்து மணப்பெண்.
தாலி ஏறிய பதினாறாம் நாள்
அவள் அப்பா போய்விட்டார்.
ஆல்பம் வேண்டாம், பாட்டுப் போட்ட படமும் வேண்டாம்,
அவர் பேசினது ஏதாவது இருக்கா அண்ணா என்றாள்.

தேடினேன். இருந்தது.
பந்திக்குப் பக்கத்தில் நாற்பது விநாடி,
ஒரே முகம்.
திரையை நிறைத்தபோதுதான் கவனித்தேன்,
அந்த முகம் ஒரு முகத்தின் அளவிலேயே இருந்தது.
பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.
அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்,
எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால்
நாம் தள்ளிக்கொள்வதைப் போல.

ஆனால் மின்விசிறி.
அவர் வாய் அசைகிறது, விமானம்தான் கேட்கிறது.
பட்டனை அழுத்தினேன், மேசையைத் தட்டினேன்,
அசிங்கமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
யோகமலர் உள்ளே போய்
உறைபெட்டியிலிருந்து ரொட்டி சானாய்ப் பொட்டலம் இரண்டைக்
கொண்டுவந்து அதன் வயிற்றுக்கடியில் சொருகினாள்.

கொஞ்ச நேரம்.
விசிறி ஒரு பெருமூச்சோடு இறங்கி
நின்றது.
வீட்டில் அப்படியொரு அமைதியை
நாங்கள் மறந்தே போயிருந்தோம்.
அடியிலிருந்த பாஸ் ஸ்பீக்கரில்
மேசை லேசாக அதிர
அவர் யாரையோ பார்த்துக் கேட்டார்:
"மூணாவது வரிசைக்குப் பாயசம் வந்துச்சா?"

அவ்வளவுதான்.
ஏழு தடவை போட்டாள்.
எட்டாவதில் ரொட்டி இளகிவிட்டது.
அதைச் சுட்டு மூவருமாகச் சாப்பிட்டோம்,
சோபாவில்.

இப்போது இடது கீல் உடைந்து
திரை மைலோ டின்னில் சாய்ந்து நிற்கிறது.
கியோங் இருநூறு தருகிறேன் என்கிறான்,
நாளைக்கு என்று இரண்டு மாதமாகச் சொல்கிறேன்.
தீபாவளிக்கு ஆள் வருவார்கள், மேசை வேண்டும்
என்கிறாள் யோகமலர்.

ரெண்டர் ஓடுது, முடியட்டும் என்றேன்.

பிளாஸ்திரிக் கண் என்னையே பார்த்தது.
எதுவும் ஓடவில்லை.