பத்துக்கு எத்தனை

மாதம் ஒருமுறை படகில் வரும் மருத்துவமனை நாங்கள்.
சிலோயேவுக்குத் தெற்கே ஒரு தீவு.
எடெல்மிரா நவெல்கின், வயது அறுபத்தொன்று.
சிப்பி பொறுக்கும் கை, சேறு போகாத நகம்.

வலி பத்துக்கு எத்தனை என்றேன்.
மூன்று என்றாள்.
மூன்று என்று எழுதினேன்.
வாசலில் இன்னும் பதினான்கு பேர்.

ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டும்போதுதான் ஏனோ கேட்டேன்:
அப்படியானால் உங்களுக்குப் பத்து எது?

"மகனைப் படகிலேயே பெற்றேன்.
வடக்குக் காற்று.
துடுப்பும் என் கையில்தான்."

எழுதிய மூன்றைப் பார்த்தேன்.

மேடு ஏறும்போது நிற்பீர்களா?
"கடலைப் பார்க்க நிற்பேன்."
எத்தனை தடவை?
"போன வருஷம் ஒரு தடவை, தேவாலய வேலியருகே.
இப்போது நான்கு."
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"இந்த வருஷம் கடல் ரொம்ப அழகு, டாக்டர்."

இசிஜி தாள் ஊர்ந்து வந்தது.
லத்தீன் வார்த்தையொன்றைப் பாதி சொன்னேன்,
அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.
ஓடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் குழாய் இருக்கிறதே,
அதில்
"அடைப்பா?" என்றாள் உடனே.
"வாய் வைத்து ஊதினால் போய்விடும்."
இதை ஊத முடியாது.

அப்போதுதான் அவள்
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நாக்கடியில் மாத்திரை.
கெயோன் ஆஸ்பத்திரிக்கு ரேடியோவில் தகவல்.
படகில் ஏறியதும் துடுப்பைத் தேடிய கையை
நர்ஸ் மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

பாதி தூரத்தில் என் சட்டையை இழுத்தாள்:
"அந்த மூன்றை அடித்துவிடு.
ஐந்து."