தகவல் கிடைக்கவில்லை

சூராட் பெரானாக்கில் அப்பா பெயருக்கு நேரே
மலாயில் மூன்று சொற்கள்.
பதிவிலாகாப் பெண் நகத்தால் தட்டிக் காட்டினாள்:
தகவல் கிடைக்கவில்லை.

கிடைக்காமல் என்ன.
பாகற்காயை இலைக்கடியில் ஒளிப்பான்.
தூக்கத்தில் கியர் மாற்றுவான்.
வலது முழங்காலில் செம்பனை முள் குத்திய கறுப்பு,
அது அரித்தால் மழை வரும் என்பான்,
இரண்டு முறை வந்தது.
அவன் ஓட்டிய குலை லாரியின் எண்ணை
இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பாரத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

பாஹாவ் பசாரில் வாங்கிய 555 நோட்டில்
கணக்கு வைத்திருக்கிறேன்.
ஊரில் எல்லாரும் அதில்
கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதை எழுதுவார்கள்.
நான் எனக்கு வரவேண்டியதை.

பால்மாவு, பெரிய டின்.
காய்ச்சல், கிளினிக், அறுபத்தைந்து வெள்ளி.
பாலர் பள்ளிச் சீருடை,
அடுத்த வருஷமும் போடட்டும் என்று ஒரு அளவு பெரிதாக.
ஒரு பக்கத்தில் 'ராத்திரி' என்று மட்டும் இருக்கிறது.
என்ன விலை போடுவது என்று தெரியாமல்
விட்டிருக்கிறேன்.

ஏழாவது நோட்டு முடிந்த காலையில்
கையுறைத் தொழிற்சாலையிலிருந்து அப்படியே பஸ் ஏறினேன்.
லாரிகள் உதிர்த்த செம்பனைக் காய்கள் நசுங்கி
சாலை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.
கோர்ட்டில் உட்கார்ந்தபோதும்
விரலிடுக்கில் ரப்பர் பவுடர்.

குணாளன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.
புக்கான் அனாக் சாயா, துவான்.
என் பிள்ளை இல்லை.
வேலையும் இல்லை என்றான், அதே மூச்சில்.
அவனுக்கு இவ்வளவு சுத்தமாக மலாய் வரும் என்பது
எனக்கே தெரியாத தகவல்.

லோகாஷினியை வாய் திறக்கச் சொல்லி
பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்ளே தேய்த்தார்கள்.
இனிக்குமா என்று கேட்டாள்.
பல வாரம் கழித்து வந்த தாளில்
தொண்ணூற்றொன்பது, ஒரு புள்ளி,
அப்புறம் வரிசையாக ஒன்பதுகள்.
விரல் வைத்து எண்ணிவிட்டுச் சொன்னாள்:
நூறுக்கு மீதி எங்கேம்மா?

வேலை இல்லை என்பதை மறுக்க
என்னிடம் காகிதம் இல்லை.
அடுத்த விசாரணைக்கு முந்தின ராத்திரி
தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது.
சம்பளச் சீட்டு. கூலாய் கம்பெனி, அவன் பெயர்,
ஓவர்டைம் உட்பட.
மூலையில் ஒரு கட்டைவிரல்,
மருதாணி பாதி வளர்ந்து போன நகம்.
யார் என்று அடித்தேன்.
நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

கோர்ட் வாசலில் கைக்குழந்தையோடு நின்றவள்.
லோகாஷினியின் மடங்கிய இடது காதைப் பார்த்துவிட்டு
தன் பிள்ளையின் தொப்பியைக்
காதுவரை இழுத்துவிட்டவள்.
அந்த எண்ணை நான் சேமிக்கவில்லை.
அழிக்கவும் இல்லை.

மாதம் முந்நூறு வெள்ளி என்று தீர்ப்பு.
முதல் மாதம் வந்தது.
குறிப்பு என்ற இடத்தில் எதையாவது எழுதினால்தான்
வங்கி பணத்தை நகர்த்தும்.
ஹூத்தாங் என்று எழுதியிருந்தான்.
கடன்.
எட்டு வருஷத்தில்
எங்களைப் பற்றி அவன் எழுதிய ஒரே சொல்.
இரண்டாம் மாதம் நூற்றைம்பது.
குறிப்பில் வெறும் புள்ளி.

சூராட்டில் அந்த மூன்று சொற்கள் அப்படியே இருக்கின்றன.
மாற்ற வேண்டுமானால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து
கையெழுத்துப் போட வேண்டுமாம்.
சேர்ந்து என்பதை அந்தப் பெண்
இரண்டு தரம் சொன்னாள்.

எட்டாவது நோட்டை லோகாஷினி பிடுங்கிக்கொண்டாள்.
பள்ளியில் இந்த வாரம் கழித்தல்.
முந்நூறில் நூற்றைம்பது போக
இன்னும் எவ்வளவு வரணும், நான் போடறேன்.
பென்சிலைக் கடித்தாள்.
பூஜ்யத்திலிருந்து அஞ்சு போகாதும்மா,
பக்கத்துல கடன் வாங்கணும்.

வாங்கினாள்.
மூன்றை அடித்துவிட்டு
மேலே சின்னதாக
இரண்டு என்று எழுதினாள்.