செயற்பாடு ஏழு

புத்தகம் இன்னும் வரவில்லை.
வந்தது ஒரு பி.டி.எஃப்.,
இரவு பதினொன்றே காலுக்கு, வட்ஸ்அப்பில்,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தலவாக்கலை டவுனில் போட்டோக் கொப்பி
பக்கம் பதினைந்து ரூபா.
கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தேன்.
"சிவப்புப் பூவுக்கு வட்டமிடுக" என்ற பக்கத்தில்
எல்லாப் பூவும் சாம்பல்.

பயிற்சி மூன்று நாள் என்றார்கள்,
ஒன்றரை நாளில் முடிந்தது.
சிங்களத்தில் இருந்த ஸ்லைடை
வளவாளர் எங்களுக்காக வாயால் தமிழாக்கினார்.
நல்ல மனிதர். இருமல் வேறு.
"பிள்ளைதான் மையம்" என்று ஏழு தரம் சொன்னார்.
நான் என் மையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்:
முப்பத்தெட்டு.
கதிரை முப்பத்தொன்று.

பெற்றோர் கூட்டத்தைக் காலையில் வைத்தால்
அரைப் பேர் போய்விடும்.
அந்தி நிறுவை முடிந்தபின் வைத்தோம்.
இடுப்பில் படங்கோடு வந்தார்கள்,
நனைந்த கொழுந்து வாசம்
வகுப்பறையை முழுதாக எடுத்துக்கொண்டது.
வாசலில் நின்று ஒருத்தி
காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு
உள்ளே வந்து கேட்டாள்:
"பரீட்சை இல்லையாமே டீச்சர்?
அப்ப எதை வச்சு
புள்ள படிச்சிருச்சுன்னு நாங்க நம்புறது?"

பிரியலதா. கிஷோனின் அம்மா.

அவளுக்குப் பின்னால் எல்லோரும் பேசினார்கள்.
"விளையாட லயத்து வாசல் போதாதா?"
"ஆனா ஆவன்னா எந்த மாசம் வரும்?"
"டவுன் ஸ்கூல்லயும் இதே பாடந்தானா?"
இதே பாடந்தான் என்றேன்.
"அங்க டியூசன் இருக்கே," என்றார் வேலாயுதம்,
சண்டைக்கு அல்ல,
விலை விசாரிப்பவர்போல.

பயிற்சியில் தந்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது.
அதை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன்,
எனக்கே பெரிதாக இருந்தது.
"பார்ப்போம்," என்றேன்.
அதிபர் யன்னலைச் சாத்தினார், மூடுபனி உள்ளே வருகிறதென்று.

செயற்பாடு நான்கு: வீட்டின் அறைகளை வரைக.
அபிஷா ஒரு பெட்டி போட்டாள்,
"பக்கத்து காம்பராவையும் போடட்டா டீச்சர்,
சுவர் ஒண்ணுதானே?"
போடு என்றேன்.
பன்னிரண்டு பெட்டி வரைந்தாள். தாள் போதவில்லை.

செயற்பாடு ஏழு: எது பாரம், எது இலேசு?
சட்டை கொழுவும் கம்பி ஒன்று,
யோகட் கோப்பை இரண்டு, சணல்.
கிஷோன் இரு பக்கமும் கல்லிட்டான்,
கம்பி நேராக நின்றது.
சரி என்று நான் வாய் திறக்குமுன்
தன் கோப்பையில் இருந்து இரண்டு கல்லை எடுத்து
காற்சட்டைப் பைக்குள் போட்டான்.
"இது தண்ணிக்கு."
இன்னொன்றை எடுத்தான்.
"இது சாக்குக்கு."
கம்பி சாய்ந்தது.
ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.
அவர்களுக்குத் தெரிந்த தராசு
அப்படித்தான் நிறுக்கும்.

மதிப்பீட்டுப் படிவத்தில் மூன்று முகங்கள்:
சிரிப்பது, சும்மா இருப்பது, வாய் கோணியது.
ஒன்றுக்கு நிறம் தீட்ட வேண்டும்.
கைநூலின் அறுபத்து நான்காம் பக்கத்தைப்
பலமுறை புரட்டினேன்.
கழிவு பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் பாலத்தடியில் பிரியலதாவைக் கண்டேன்.
சொன்னேன். மகிழ்வாள் என்றுதான்.
அவள் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.
"அதெல்லாம் ஸ்கூல்ல பேச வேணாம்னு சொல்லுங்க டீச்சர்,
கணக்கப்புள்ள காதுல விழுந்தா
நாளைக்கு எனக்குத்தான் பேர் இல்லாமப் போகும்."
நடந்தாள்.
நாலு எட்டு வைத்து நின்றாள்.
"எத்தன கல்லு எடுத்தான்?"
"மூணு."
கூடையின் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு
கொஞ்சம் யோசித்தாள்.
"சரியாத்தான் எடுத்திருக்கான்."

வெள்ளிக்கிழமைக்குள் படிவங்களை
வலயப் பணிமனைக்கு அனுப்ப வேண்டுமாம்.
முப்பத்தேழு அனுப்பிவிட்டேன்.