காது

மூன்று புட்டி ரத்தம்.
இடக்கை, வலக்கை, மறுபடி இடக்கை,
நடுவே அரை அரை மணி நேரம்.
அதுவரை மருந்து வேண்டாம் என்றேன்.
சுர்வேயின் மனைவி பார்த்த பார்வையில்
ஐந்து வாரக் காய்ச்சல் இருந்தது.

எக்கோ திரையில்
பெருந்தமனி வால்வின் ஓரம்
ஒன்பது மில்லிமீட்டர்.
மழைக்கு எடுக்க மறந்த துணிபோல
துடிப்புக்குத் துடிப்பு படபடக்கிறது.
பிய்ந்தால் மூளைக்கும் போகும்.

மறுநாள் விடியுமுன் மூன்று புட்டியும் பேசின.
கண்ணாடித் தகட்டில் ஊதா மணிகள்,
ஜோடியாக, குட்டிச் சரமாக.
அடுத்த நாள்தான் பெயர் வந்தது: என்டரோகாக்கஸ்.
குடலில் சும்மா குடியிருந்தது.
எந்தப் படியேறி இங்கே வந்ததோ.

ஆம்பிசிலின் அதை அடக்கும்,
தனியாளாய்க் கொல்வது கடினம்.
துணை வேண்டும்.
பழகிய கை ஜென்டாமைசின் என்று எழுதிவிட்டது.
பேனாவை மூடுமுன் கேட்டேன்,
என்ன வேலை?

குர்லா கார்ஷெட். இருபத்திரண்டு வருஷம்.
வண்டிக்குத் தொண்ணூற்றாறு சக்கரம்,
ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேட்கிறவர்.
நல்லது கணீரென்னும்.
விரிசல் விட்டது
(கட்டில் கம்பியை விரலால் சுண்டினார்)
"இப்படி. தொண்டை கட்டினவன் மாதிரி."

எழுதியதை அடித்தேன்.
ஜென்டாமைசின் காதைத் தின்னும்.
எல்லோருக்கும் இல்லை,
யாருக்கு என்று முன்னால் சொல்லாது,
தின்றதைத் திருப்பித் தராது.
கிரியாட்டினின் வேறு ஒன்று புள்ளி ஆறு.

துணைக்கு செஃப்ட்ரியாக்சோன் போட்டேன்.
தனியாக விட்டால்
இந்தக் கிருமி அதை மதிக்கவே மதிக்காது.
சேர்த்து விட்டால் கதை வேறு.
போனில் தஸ்தூர் மேடம்:
"நாலு இல்லை, ஆறு வாரம். நினைவிருக்கட்டும்."

ஒரு நாளைக்கு எட்டு ஊசி.
அவர் மனைவி விரல்விட்டு எண்ணி
முந்நூற்று முப்பத்தாறு என்றாள்,
கந்துவட்டிக்காரனிடம் பேசுவதுபோல.
குறைக்க முடியவில்லை.

மூன்றாம் வாரம், ஒரு ராத்திரி,
ஜன்னலுக்கு வெளியே பைகுல்லாவில் கடைசி லோக்கல்.
நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தேன்.
காய்ச்சல் இல்லை. முணுமுணுப்பு இருந்தது.
"நான் கேட்கலாமா டாக்டர்?"
அவர் காதில் மாட்டினேன்.
கண்ணை மூடி
ஒரு முழு வண்டியைச் சோதிக்கும் நேரம் கேட்டார்.

"இந்த வண்டியை நான் வெளியே அனுப்ப மாட்டேன்" என்றார்.

சர்ஜன் இன்னும் பதில் சொல்லவில்லை.
இரண்டு மணி ஊசிக்கு
நர்ஸ் விளக்கைப் போட்டாள்.